நட்சத்திரம் போட்ட லைசென்ஸும் 45 டாலரும்: அமெரிக்க உள்நாட்டு விமானத்துக்கு எந்த அடையாள அட்டை?

2026 பிப்ரவரி 1 முதல் அமெரிக்க விமான நிலையங்களில் புதிதாக ஒரு கட்டணம் நடப்பில் இருக்கிறது. செல்லுபடியாகும் அடையாள அட்டை இல்லாமல் பாதுகாப்புச் சோதனைக்கு வருகிறவர் 45 டாலர் கட்டி, தான் யார் என்பதை வேறு வழியில் உறுதிப்படுத்த வேண்டும். இந்தச் செய்தியோடு 'ரியல் ஐடி கட்டாயம்', அதாவது நட்சத்திரக் குறி போட்ட மாநில லைசென்ஸ் கட்டாயம் என்ற வாசகமும் சேர்ந்து பரவியதால் குழப்பம் கூடிவிட்டது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் ரியல் ஐடி எடுக்காவிட்டால் சிகாகோவிலிருந்து டாலஸுக்குக்கூடப் பறக்க முடியாதா? ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அப்பா அம்மாவிடம் அமெரிக்க லைசென்ஸே கிடையாதே, அவர்கள் கதி என்ன?

இருவருக்கும் கையிலுள்ள இந்திய பாஸ்போர்ட்டே போதும். ஆனால் ஏன் போதும், எப்போது அதுவும் சிக்கலாகும் என்பதைப் புரிந்துகொள்ள, இந்த ஏற்பாடு எப்படி வந்தது, சோதனை மேடையில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

ரியல் ஐடி என்பது தனி அட்டை அல்ல

ஆதார் போல நாடு முழுவதற்கும் ஒரே அடையாள அட்டை அமெரிக்காவில் கிடையாது. அன்றாட வாழ்க்கையில் அந்த இடத்தை நிரப்புவது கார் ஓட்டும் லைசென்ஸ். அதை வழங்குவது மாநில அரசு. ஐம்பது மாநிலங்கள் என்றால் ஐம்பது விதமான விதிகள். சில மாநிலங்களில் ஒரு காலத்தில் லைசென்ஸ் வாங்குவது மிகச் சுலபமாக இருந்தது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய 19 பேரில் 18 பேரிடம் ஏதாவதொரு அமெரிக்க அடையாள ஆவணம் இருந்தது. அவற்றில் சில மோசடியாகப் பெறப்பட்டவை. தாக்குதலை ஆராய்ந்த ஆணையம் 2004 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், லைசென்ஸ் போன்றவற்றுக்கு நாடு தழுவிய தரம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் வழியே வந்ததுதான் 2005 மே 11 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட ரியல் ஐடி சட்டம்.

அது தனியாக நிறைவேறவில்லை. ராணுவச் செலவுக்கும் சுனாமி நிவாரணத்துக்குமான அவசர நிதி மசோதாவோடு ஒட்டப்பட்டு நிறைவேறியது. நாகப்பட்டினத்தையும் மட்டக்களப்பையும் அடித்துப்போட்ட 2004 டிசம்பர் சுனாமிதான் அது. நிவாரணப் பணத்துக்கு எதிராக யார் வாக்களிப்பார்கள்? செனட்டில் 100-0 என்று நிறைவேறியது.

சட்டத்தின் கட்டமைப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. லைசென்ஸை இப்படித்தான் அச்சடிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு, ஆணையிட முடியாது. அரசியலமைப்பு இடம் தராது. அதனால் சட்டம் தன் சொந்த அலுவலகங்களுக்கே ஆணையிட்டது. இந்தத் தரத்தில் இல்லாத லைசென்ஸைச் சில காரியங்களுக்கு ஏற்றுக்கொள்ளாதே என்றது. வணிக விமானத்தில் ஏறுவது, குறிப்பிட்ட ஃபெடரல் அலுவலகங்களுக்குள் நுழைவது, அணுமின் நிலையத்துக்குள் நுழைவது ஆகியவையே அந்தக் காரியங்கள். கார் ஓட்டவோ, வாக்களிக்கவோ, மருத்துவமனைக்குப் போகவோ ரியல் ஐடி தேவையில்லை.

ஆக, ரியல் ஐடி என்பது வழக்கமான மாநில லைசென்ஸ்தான். கார் ஓட்டாதவருக்கு மாநிலம் தரும் அடையாள அட்டையாகவும் இருக்கலாம். கொடுப்பதற்கு முன் மாநிலம் நான்கு விஷயங்களைச் சரிபார்த்திருக்க வேண்டும்:

1. முழுப் பெயரும் பிறந்த தேதியும்.
2. சோஷியல் செக்யூரிட்டி எண். எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான எச்-4 போல, வேலை அனுமதி இல்லாத நிலையில் இருப்பவர்கள் அந்த நிலையைக் காட்டும் ஆவணத்தைத் தந்து, எண் இல்லாமலே விண்ணப்பிக்க வழி உண்டு.
3. குடியிருக்கும் முகவரிக்கு இரண்டு சான்றுகள்.
4. நாட்டில் சட்டப்படி இருப்பதற்கான ஆதாரம். இதை மாநில அலுவலகம், குடியேற்றத் துறையின் 'சேவ்' என்ற கணினித் தொகுப்பில் சரிபார்க்கும்.

நான்காவது விஷயம்தான் நம்மவர்களை அதிகம் அலைய வைப்பது. தற்காலிக விசாவில் இருப்பவருக்கு லைசென்ஸ், அவர் தங்க அனுமதி உள்ள தேதியோடு முடிந்துவிடும். அட்டையிலேயே குறுகிய காலத்துக்கானது என்ற குறிப்பு இருக்கும். எச்-1பி நீட்டிப்பு வாங்கும் ஒவ்வொரு முறையும், லைசென்ஸ் தரும் மாநில அலுவலகமான டிஎம்வியில் திரும்பவும் வரிசை. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. மாநிலத்தைப் பொறுத்து அதிகபட்சம் எட்டு ஆண்டுகள் வரை கிடைக்கும்.

தரம் உள்ள அட்டையின் மேல்பகுதியில் நட்சத்திரக் குறி இருக்கும். கலிஃபோர்னியாவில் கரடிக்குள் நட்சத்திரம். மிச்சிகன், மின்னசோட்டா, நியூயார்க், வெர்மான்ட், வாஷிங்டன் ஆகிய ஐந்து மாநிலங்கள் குடிமக்களுக்குத் தரும் 'என்ஹான்ஸ்டு' லைசென்ஸில் அமெரிக்கக் கொடி இருக்கும். நட்சத்திரம் இல்லாவிட்டாலும் அது செல்லும். இவை எதுவும் இல்லாத அட்டையில், ஃபெடரல் காரியங்களுக்கு இது அடையாளம் ஆகாது என்ற பொருளில் ஒரு வரி அச்சாகியிருக்கும். அந்த வரியைப் பார்த்து, அவர் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர் என்று முடிவுகட்டுவது தவறு. பரம்பரையாக அங்கேயே பிறந்து வளர்ந்து, டிஎம்விக்கு இன்னொரு முறை போகச் சோம்பல்பட்ட குடிமக்களிடமும் அதே அட்டைதான் இருக்கிறது.

இருபது ஆண்டுகள் நகர்ந்த தேதி

முதலில் குறித்த கெடு 2008 மே. மாநிலங்கள் முரண்டு பிடித்தன. செலவை யார் தருவது, மக்களின் விவரங்கள் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டு 2007-ல் மெய்ன் மாநிலச் சட்டமன்றம் முதலில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. கெடு 2009-க்கும் 2011-க்கும் 2013-க்கும் போயிற்று. பிறகு 2020 அக்டோபர் என்றார்கள், கொரோனா வந்தது. 2021, 2023 என்று தள்ளி, கடைசியில் 2025 மே 7 அன்று நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக்கு உயிர்நாடி என்று சொல்லப்பட்ட ஒன்று இருபது ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது என்றால், அது எந்த அளவுக்கு உயிர்நாடி என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

அந்த மே மாதத்திலும் கதவு முழுவதாக மூடவில்லை. நட்சத்திரமில்லாத லைசென்ஸோடு வந்தவர்களை எச்சரித்து, கூடுதல் சோதனை செய்து அனுப்பினார்கள். 45 டாலர் கட்டணம் அந்த இடைவெளிக்குத்தான் வந்தது.

அப்படி ஓர் இடைவெளி இருப்பதற்கே ஒரு பழைய வழக்கு பின்னணி. 2002 ஜூலை 4 அன்று ஜான் கில்மோர் என்பவர் அடையாள அட்டை காட்ட மறுத்துக் கலிஃபோர்னியாவில் இரண்டு விமான நிலையங்களில் ஏற முயன்றார். எந்தச் சட்டம் காட்டச் சொல்கிறது என்று கேட்டார். அந்த விதி ரகசியம், காட்ட முடியாது என்றது அரசு. வழக்கு ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. நீதிபதிகள் விதியைத் தனியறையில் படித்துப் பார்த்துவிட்டு, 2006-ல் கில்மோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அட்டை காட்ட விருப்பமில்லாதவர் கூடுதல் சோதனைக்கு உடன்பட்டுப் போகலாமே என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 2008 ஜூனில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏ, வேண்டுமென்றே மறுப்பவருக்கு அந்த வழியை அடைத்துவிட்டது. தொலைத்தவருக்கும் மறந்தவருக்கும் மட்டும் திறந்து வைத்தது.

மேடையில் என்ன பார்க்கிறார்கள்

வரிசையின் முனையில் உட்கார்ந்திருக்கும் டிஎஸ்ஏ ஊழியர் அட்டையை வாங்கி ஓர் எந்திரத்தில் செருகுகிறார். சில நொடிதான். அதற்குள் மூன்று கேள்விகளுக்கு விடை தேடப்படுகிறது.

1. அட்டை அசலா, ஏற்கத்தக்க வகையா? எந்திரம் அட்டையின் பாதுகாப்பு அம்சங்களைப் படிக்கிறது. நட்சத்திரத்துக்கு வேலை இந்த இடத்தில்தான்.
2. எதிரில் நிற்பவர் அட்டையில் இருப்பவர்தானா? புதிய எந்திரங்கள் படம் பிடித்து ஒப்பிடும். படம் வேண்டாம் என்று பயணி சொல்லலாம். அப்போது ஊழியர் கண்ணால் பார்ப்பார்.
3. இவர் இன்று பறப்பவரா, தடுக்கப்பட்டவரா?

பலர் கவனிக்காத மூன்றாவது கேள்வியில்தான் தடுமாற்றங்கள் அதிகம். டிக்கெட் எடுக்கும்போது முழுப் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் விமான நிறுவனம் கேட்பது தன் வசதிக்காக அல்ல. 'செக்யூர் ஃபிளைட்' என்ற ஏற்பாட்டின்படி அவை டிஎஸ்ஏவுக்குப் போகின்றன. முன்பு தடைப் பட்டியலோடு பெயர்களை ஒப்பிடும் வேலையை விமான நிறுவனங்களே செய்தன. 2009, 2010 ஆண்டுகளில் அதை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒப்பிட்ட முடிவு போர்டிங் பாஸில் ஏறும். அதில் நான்கு எஸ் எழுத்துகள் வரிசையாக இருந்தால் கூடுதல் சோதனை என்று பொருள்.

இந்த மூன்றில் எதிலுமே விசா வரவில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகி, நாட்டில் எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 அனுமதி மட்டும் உயிரோடு இருக்கும் நிலை எச்-1பி குடும்பங்களில் சர்வ சாதாரணம். உள்நாட்டு விமானத்துக்கு அது தடையில்லை. மேடையில் பாஸ்போர்ட் ஓர் அடையாள ஆவணம், அவ்வளவே. ஆனால் இன்னொரு விதியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தங்கள் பதிவுச் சான்றை, அதாவது கிரீன் கார்டையோ ஐ-94 நகலையோ, எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று குடியேற்றச் சட்டம் சொல்கிறது. அது விமான நிலையத்துக்கு மட்டுமான விதி அல்ல, கடைத்தெருவுக்கும் பொருந்தும்.

தமிழ்ப் பெயர் படும் பாடு

டிக்கெட்டில் உள்ள பெயரும் நீட்டும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கேட்க எளிதான விதி. முன்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்து வாழ்கிறவர்களுக்கு எளிதுதான். இனிஷியலோடு வாழ்கிறவர்களுக்கு?

கார்த்திகேயன் என்பவரின் அப்பா சுப்பிரமணியன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. 'கார்த்திகேயன் சுப்பிரமணியன்' என்ற முழுதும் முன்பெயர்க் கட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க விசா முறைக்குக் குடும்பப்பெயர் இல்லாமல் ஆகாது. அதனால் மொத்தப் பெயரையும் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு, முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று போட்டுவிடும். 'முன்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. விசாவைப் பார்த்து லைசென்ஸ் அச்சடிக்கும் அலுவலகத்தில் அந்த மூன்று எழுத்தும் லைசென்ஸுக்குள் புகுந்துவிடலாம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் இருக்க, 'எஃப்என்யூ' என்று கூப்பிடுகிறார்களே என்று நொந்துகொள்பவர்கள் நிறையப் பேர்.

விமான நிலையத்தைப் பொறுத்தவரை சிக்கல் இதுதான்: இப்போது அவரிடம் இரண்டு அட்டைகள், இரண்டு பெயர்கள். பாஸ்போர்ட்டில் எஃப்என்யூ இல்லை, லைசென்ஸில் இருக்கிறது. டிக்கெட் இரண்டில் எதைப் பின்பற்றுவது?

எதைக் காட்டப் போகிறாரோ அதை. அடையாள அட்டையைத் தேர்ந்தெடுக்கும் நேரம் டிக்கெட் எடுக்கும் நேரம்தான். வரிசையில் நின்று பர்ஸைத் துழாவும் நேரம் அல்ல. மேசைமேல் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள எழுத்துகளைப் பார்த்து டிக்கெட்டில் பெயரை நிரப்ப வேண்டும். பழைய பயணத்தில் சேமித்த விவரத்தை இணையதளம் தானாக நிரப்பும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பப்பெயர்க் கட்டமே காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், ஒவ்வொரு விமான நிறுவனமும் அதை ஒவ்வொரு விதமாகக் கையாள்வதால், முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுவிடுவது நல்லது.

எல்லா வேறுபாட்டுக்கும் பயப்படத் தேவையில்லை. நடுப்பெயருக்குப் பதில் அதன் முதல் எழுத்து மட்டும் இருப்பது, நடுப்பெயரே விட்டுப்போவது போன்றவற்றை டிஎஸ்ஏ பொருட்படுத்துவதில்லை. போர்டிங் பாஸில் இரண்டு பெயர்கள் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டிருப்பதும் வழக்கம்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பின் மாறிய குடும்பப்பெயரை அப்படி விட்டுவிட மாட்டார்கள்.

பிறந்த தேதியிலும் ஒரு வலை இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்களில் பலருக்கு இரண்டு பிறந்தநாள்: வீட்டில் பாயசம் வைக்கும் நாள் ஒன்று, பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் எழுதிக்கொண்ட நாள் இன்னொன்று. அப்பாவுக்கு டிக்கெட் போடும் மகன் பாயச நாளைப் போட்டுவிட்டால், பாஸ்போர்ட் தேதியோடு ஒத்துப்போகாது. பயணத்துக்கு முன் விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எது

1. அமெரிக்கக் குடிமக்கள்: நட்சத்திர லைசென்ஸ், பாஸ்போர்ட், பாஸ்போர்ட் கார்டு, நாட்டுக்குள் நுழையும் சோதனையை விரைவாக்கும் குளோபல் என்ட்ரி அட்டை என எதுவும். பாஸ்போர்ட் இருந்தால் நட்சத்திரத்துக்காக அலைய வேண்டியதில்லை.

2. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள்: கிரீன் கார்டே போதும்.

3. எச்-1பி, எல்-1 (நிறுவனத்துக்குள் இடமாற்றம்), எஃப்-1 (மாணவர்), எச்-4 விசாக்காரர்கள்: சொந்த நாட்டு பாஸ்போர்ட். குடியேற்றத் துறை தந்த வேலை அனுமதி அட்டை இருந்தால் அதுவும் செல்லும். அந்த அட்டைக்கு விண்ணப்பித்த ரசீது செல்லாது.

4. வந்துபோகும் பெற்றோர்: பாஸ்போர்ட் ஒன்றுதான். ஆதார், வாக்காளர் அட்டை, பான் கார்டு, இலங்கைத் தேசிய அடையாள அட்டை எதற்கும் அங்கே மதிப்பில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை மகள் வீட்டு பீரோவில் வைத்துவிட்டு நயாகராவுக்குக் கிளம்புவதும், பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டி செக்-இன் செய்துவிடுவதும் இங்கே தவிர்க்க வேண்டியவை.

5. கனடாவிலிருந்து வருபவர்கள்: கனடிய மாகாண லைசென்ஸை டிஎஸ்ஏ ஏற்கிறது. டொரன்டோ தமிழர் ஒருவர் நியூயார்க்கிலிருந்து அட்லான்டா போக அது போதும். அமெரிக்காவுக்குள் விமானத்தில் நுழைய பாஸ்போர்ட் வேண்டும் என்பது வேறு விஷயம்.

6. 18 வயதுக்குட்பட்டவர்கள்: உள்நாட்டுப் பயணத்தில் டிஎஸ்ஏ அடையாள அட்டை கேட்பதில்லை. மடியில் வைத்துக் கொண்டுபோகும் குழந்தைக்கு வயதுச் சான்றை விமான நிறுவனம் கேட்கலாம்.

மூன்றாவது வகையினர் ரியல் ஐடி எடுப்பது வீண் வேலையா? அதை வாங்க டிஎம்வியில் காட்டுவதே பாஸ்போர்ட்டைத்தான். அந்த பாஸ்போர்ட்டே விமானத்துக்குப் போதும் எனும்போது சுற்றுவழி போலத் தெரியும். என் கணிப்பில், அடிக்கடி உள்நாட்டில் பறப்பவருக்கு அது எடுக்கத்தக்கதே. லைசென்ஸ் தொலைந்தால் இன்னொன்று வாங்கிவிடலாம். பாஸ்போர்ட் தொலைந்தால் இந்தியத் தூதரக அலுவலகத்தில் புதிது வாங்க வேண்டும். உள்ளே ஒட்டியிருந்த விசாவும் போய்விடும். மாதம் ஒருமுறை வேலைக்காகப் பறக்கிறவர் ஒவ்வொரு முறையும் அந்த ஆபத்தைச் சட்டைப்பையில் சுமக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை பறப்பவருக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

அப்புறம், காலாவதியான அட்டை. ஏற்கத்தக்க பட்டியலில் உள்ள ஆவணம் காலாவதியாகி இரண்டு ஆண்டுகள் வரை டிஎஸ்ஏ ஏற்றுக்கொள்கிறது. ஆனால் புதிய லைசென்ஸ் தபாலில் வரும்வரை டிஎம்வி தரும் தற்காலிகத் தாள் செல்லாது. செல்போனில் ஏற்றும் லைசென்ஸைச் சில மாநிலங்கள் தருகின்றன, டிஎஸ்ஏவும் பல விமான நிலையங்களில் அதை ஏற்கிறது என்றாலும், அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் அளவுக்கு அதை நம்ப வேண்டாம்.

எதுவுமே கையில் இல்லை என்றால்

இப்போது 'கன்ஃபர்ம் ஐடி' என்று பெயரிட்டிருக்கும் வழி இருக்கிறது. முன்பு இதே வேலை இலவசமாக நடந்தது: பெயர், முகவரி எழுதிக் கொடுத்தால், அரசிடம் உள்ள பதிவுகளை வைத்து ஊழியர்கள் சில கேள்விகள் கேட்டு உறுதிசெய்வார்கள். இன்று அரசின் கட்டண இணையதளத்தில் பெயரும் பயணத் தேதியும் கொடுத்து 45 டாலர் கட்டி, அந்த ரசீதை மேடையில் காட்ட வேண்டும். கிளம்புவதற்கு முன்பே கட்டிவிட்டால் வரிசையில் நேரம் மிச்சமாகும். பணம் கட்டியதாலேயே உள்ளே விட்டாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது; அடையாளம் உறுதியாகாவிட்டால் பயணமும் போகும், பணமும் திரும்பாது. ஒரு ரசீது ஒருவருக்கு, பத்து நாளுக்கு. போன இடத்திலிருந்து அதற்குள் திரும்பினால் அதே ரசீது செல்லும்; பதினோராம் நாள் திரும்புகிறவர் இன்னொரு 45 டாலர் கட்ட வேண்டும்.